சேர்க்கைப் பதிவேடு

புக்கிட் தீமா மேட்டில்
இடிக்கப் போகிறார்கள் அந்த வெள்ளைக்காரப் பையன்கள் பள்ளியை.
அலமாரியில் மிஞ்சியது இது ஒன்றுதான்.
நகலெடுத்துத் தரும் வேலை எனக்கு.

முதல் எண், 1926, வில்ஃப்ரட் ஹாஸ்கர்.
வயது ஏழு. தகப்பன் ரப்பர் தரகர்.
பிறந்த ஊர் சிங்கப்பூர்.
விலகிய காரணம்: ஊர் திரும்பினான்.

பார்த்தேயிராத ஊருக்கு எப்படித் திரும்புவது?
பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான்,
கப்பலின் பெயர் மட்டும் மாறுகிறது.
நாற்பத்தொன்று, பேசில் ட்ரென்ச், காய்ச்சலில் போனவன்,
அவன் மட்டும் இங்கேயே இருந்தான், பிடாடரியில்.
அவனையும் பிறகு தோண்டி எடுத்திருப்பார்கள்,
வீடு கட்ட.

இருநூற்றுப் பதினெட்டோடு ஒரு கோடு.
கீழே ஜப்பானிய எழுத்தில் அரிசி மூட்டைக் கணக்கு.
அதற்கும் கீழே, அதே சாய்ந்த கையெழுத்தில்,
இருநூற்றுப் பத்தொன்பது.
நடுவில் போன மூன்றரை வருடம்
நாலு விரல் அகலம்.

கையெழுத்து எழுத்தர் அம்பலவாணருடையது.
அட்டைக்குள் ஒப்பமிட்டிருக்கிறார்.

யாரும் நிரப்பாத கடைசித் தாளை
ஜன்னலோரம் சாய்த்தபோதுதான் தெரிந்தது,
பென்சிலால் எழுதி அழித்த ஒரு வரி.
அ. இராசநாயகம். வயது ஏழு.
தகப்பன் தொழில்: இதே பள்ளி.
எண் போடவில்லை.

இயந்திரத்தில் மூன்று முறை வைத்தேன்.
வெறுந்தாள்தான் வந்தது.
மொத்த மாணவர்கள் என்று கேட்ட கட்டத்தில்
நானூற்று ஏழு என்று தட்டினேன்.
அழித்துவிட்டு
ஆறு என்று போட்டேன்.
கீழே லாரிக்காரன்
ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டான்.