பச்சை அட்டை

காலை எட்டரைக்கு
ஆறு கரையை உடைத்ததென்று
ஒலிபெருக்கியில் அறிவித்தார் டாக்டர் இஸ்கந்தர்.
வெளியே வெயில்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரியொன்று
லாபிஸ் சாலையில் செம்மண்ணை இறைத்துவிட்டுப் போனது.

நாங்கள் இருபத்திரண்டு பேர்.
யாருக்கும் நாற்பதுக்குக் குறைவில்லை.
டிங்கிக் கொசுவுக்குப் பத்தொன்பது வருடம் புகையடித்தவள் நான்.
மெட்ரன் நோர்லிசா, மூட்டுவலிக்கு நாற்காலி கேட்டு வாங்கியவர்.
ஆய்வுக்கூடத்து லியோங்,
சளியும் இரத்தமும் தவிர
மனிதரை முழுதாய்ப் பார்த்து நாளாயிற்று என்பார்.
இந்த வயதில், பள்ளிப்பிள்ளைபோல், கழுத்தில் பெயரட்டை.
என் பெயரில் ஓர் எழுத்தைத் தின்றிருந்தார்கள்.

மூன்று நாள் பாடம்.
யார் சொன்னால் யார் நகர்வது,
கிணற்றுக்குக் குளோரின் எத்தனை கரண்டி,
தொலைபேசிக் கோபுரம் சாய்ந்தால்
மோட்டாரில் செய்தி கொண்டு போவது யார்.
கையேட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது,
டிக் போட.

நான்காம் நாள்தான் வெள்ளம்.
லயத்திலிருந்து முப்பது பேரைக் கூட்டி வந்திருந்தார்கள்,
ஆளுக்கு இருபது வெள்ளி, பசியாற நாசி லெமாக்.
மார்பில் தொங்கும் தாளில் அவரவர் துன்பம்:
தொடை எலும்பு முறிவு. மூச்சுத் திணறல். மரணம்.
மரணம் வாய்த்த சந்தனசாமி
டேவான் படியில் மல்லாந்தபடி கேட்டார்:
"கறுப்பு அட்டைக்கும் சாப்பாடு உண்டுதானே?"
சிரிக்கக் கூடாதென்பது விதி.
சிரித்தோம்.

ஓர் ஆளுக்கு முப்பது வினாடி.
நடக்கிறாரா, பச்சை.
நிமிடத்துக்கு முப்பது மூச்சைத் தாண்டுகிறதா, சிவப்பு.
யோசிக்காதே, மாட்டு, நகர்.

பதினோராவது ஆள் பூங்காவனம்.
தாளில்: கணுக்கால் சுளுக்கு, நடப்பார்.
நடந்தார்.
பச்சையை மாட்டி, அந்த மரத்தடிக்குப் போங்கம்மா என்றேன்.
போகவில்லை.
"இந்தக் கால் இல்லம்மா. அந்தக் கால்."
தாளில் அப்படி இல்லையே என்றேன்.
என் வாய்தான் அப்படிச் சொன்னது.
வினாடி இருபத்தாறு.

சிலிப்பரைக் கழற்றினார்.
வாடை முதலில் வந்தது.
கட்டைவிரல், நுனியிலிருந்து பாதி வரை,
நாங்கள் அடுக்கி வைத்திருந்த
நான்காவது அட்டையின் நிறம்.
"சீனிம்மா. கிளினிக் போனா ஒரு நாள் சம்பளம் போயிரும்.
இன்னிக்கு நீங்களே எல்லாரும் வந்திருக்கீங்களேன்னு..."

எட்டாம் பக்கத்தில் ஒரு வரி உண்டு.
பயிற்சி நடுவே நிஜம் நேர்ந்தால்
'இது பயிற்சி அல்ல' என்று மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும்.
யாரும் அடிக்கோடிடாத வரி.
சொன்னேன்.
முதல் முறை என் குரல் எனக்கே கேட்கவில்லை.
இரண்டாம் முறை நோர்லிசா நாற்காலியை விட்டெழுந்தார்.
மூன்றாம் முறை
செத்துக் கிடந்த சந்தனசாமி எழுந்து உட்கார்ந்து
"யாருக்கு? பூங்காவனத்துக்கா?" என்றார்.

காட்சிக்கு நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸ்
கழுவித் துடைத்துப் பளபளத்தது.
ஓட்டுநர் பசியாறப் போயிருந்தார்.
சாவி அவர் சட்டைப் பையில்.
லியோங்கின் காரில், பின்னிருக்கையில் காலை நீட்டி,
பச்சை அட்டையைக் கழற்றாமலே
சிகாமட் ஆஸ்பத்திரிக்குப் போனார்.
கண்ணாடியை இறக்கி ஒன்று கேட்டார்:
அந்த இருபது வெள்ளி கிடைக்குமா.

பத்தேகாலுக்கு வெள்ளம் மறுபடி தொடங்கியது.
மாலை மதிப்பீட்டில் எங்கள் குழுவுக்குப்
பதினோரு நிமிடத் தாமதம்.
'ஆம்புலன்ஸ் சாவி' என்று நான் எழுதிக் கொடுத்ததை
டாக்டர் இஸ்கந்தர் இரண்டு தரம் படித்தார்.
கீழே இன்னொன்றும் கேட்டிருந்தேன்:
இந்தத் தோட்டத்தில் இப்படி எத்தனை கால்,
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
அவர் பேனாவைத் திறந்தார்.
மூடினார்.

மழைக்கு இன்னும் ஏழு வாரம்.
அடுத்த திங்கள் லயத்தில் புகையடிக்க என் முறை.
மெஷினை முதல் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு
கதவு கதவாய்ப் போய்
சிலிப்பரைக் கழற்றச் சொல்லப் போகிறேன்.
பைத்தியம் என்பார்கள்.
சந்தனசாமி மட்டும் கேட்பார்,
இன்றைக்குச் சாப்பாடு உண்டா என்று.