சாக்குக் கழிவு

நாலாம் குறுக்குத் தெருவில் எனக்கு நிறுக்கிற வேலை.
வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய்.
லொறி வந்தால் மூட்டை இறங்கும்,
தட்டில் ஏறும், முள் நடுங்கி நிற்கும்.
சாக்குக்கு ஒரு கிலோ கழித்து எழுதுவேன்.
பதினோரு வருசமாய்.

அந்த ஜனவரி இருபதாம் திகதி
மிஸ்ஸி சொன்ன எடையை
இரண்டு தரம் கேட்டேன்.
தொளாயிரத்துப் பத்து.
கிராம்.
கடையில் அது
கடைசியாய்க் கையால் அள்ளிப் போட்டுச்
சமன் பார்க்கிற பாரம்.
பில்லில் ஏறாது.

வருசப் பிறப்புக்குப் பிறகு வா என்றுதான்
எல்லோரும் சொல்லி வைத்திருந்தோம்.

எழுபத்தொரு நாள்.
ஊசிக்குழாயில் மூன்று மில்லி பால்,
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்.
நிரோஜா கழுவிக் கழுவி
கையின் தோல் உரிந்துபோனாள்.
ஹிமின், ஹிமின் என்பாள் இரவுச் சிப்ட் மிஸ்ஸி,
பிள்ளையிடமா, மெஷினிடமா, என்னிடமா,
கேட்கவில்லை.

பிறகு மாதா மாதம் 176இல் பொரளைக்கு.
கிளினிக் அட்டையில் வயதுக்கு இரண்டு கட்டம்.
எட்டு மாதம் என்று ஒன்றில்,
ஐந்து என்று மற்றதில்.
வெள்ளன வந்த பதின்மூன்று கிழமையைக்
கழித்துப் பார்க்க வேணும் என்றார் டொக்டர்.
எனக்கு உடனே விளங்கிற்று:
சாக்கு.

மேல்மாடி ஜெயசீலி அக்கா
இன்னும் இருக்கேல்லையோ என்று கேட்டால்
நிரோஜா அட்டையை எடுத்து நீட்டுவாள்,
பொலிஸ்காரனுக்கு லைசென்ஸ் நீட்டுவதுபோல.

தவழவே இல்லை. இருந்தபடி அரக்கினாள்.
நடந்தபோது நுனிக்காலில் நடந்தாள்,
தரை சுடுகிற மாதிரி.
சொல்லு வரும், வந்து வாசலில் நிற்கும்.
கண்ணாடி போட்ட நாள்
கொட்டாஞ்சேனைச் சந்தியில் நின்று
வயர்களை எல்லாம் அண்ணாந்து பார்த்தாள்.
அவ்வளவு நாளும் அவளுக்கு
வயர் இல்லாத வானம் இருந்திருக்கிறது.

இரண்டு வயது முடிந்த அன்று
இனிக் கழிக்கத் தேவையில்லை என்றார் டொக்டர்.
எட்டிப் பிடித்துவிட்டாளா என்று கேட்டேன்.
அவர் பேனையை மூடினார்.
கணக்கு அப்படித்தான், என்றார்.
சாக்கு அப்படியே இருக்க
கழிவை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது ஐந்து.
பொத்தான் ஒன்று போட்டு முடிய பாண் ஆறிவிடும்.
படி இறங்கச் சுவர் வேணும்.
எந்த லொறியின் ஹோர்ன் எது என்று
படுக்கையில் இருந்தே சொல்லுவாள், பிழைக்காது.
எண்ணச் சொன்னால்
ஐந்து, ஆறு, எட்டு.
ஏழு எங்கே, வைதுஷா?
அது நித்திரை.

என் தொழிலுக்கு வாரிசு இல்லை என்று
நிரோஜா சிரித்தாள். பிறகு
குசினிக்குள் போய்க் கனநேரம் நின்றாள்.

பள்ளிக்கூடப் பாரத்தில் ஒரே கட்டம்.
ஜனவரி முப்பத்தொன்றுக்குள் ஐந்து முடிந்திருந்தால் இந்த வருசம்.
பதினோரு நாளால் உள்ளே விழுந்தாள்.
சொன்ன திகதிக்கு, சித்திரையில், வந்திருந்தால்
இன்னும் ஒரு வருசம்
பொத்தானோடும் படியோடும் ஆறுதலாய் இருந்திருப்பாள்.
அவசரமாய் வந்ததற்கு
அவசரத்தையே தண்டமாய்க் கட்டுகிறாள்.
இதை எழுத இடம் தேடினேன்.
பாரத்தின் பின்பக்கமும் அச்சடித்திருந்தது.

நேற்று ஞாயிறு, கடை பாதிக் கதவு.
தட்டில் ஏற்றி நிறுத்தினேன்.
காலில் பள்ளிக்கூடத்துக்கு வாங்கின சப்பாத்து.
சப்பாத்தைக் கழிக்கட்டா?
கழிக்க வேண்டாம், புதுசு.
அசையாமல் நில் அம்மா, முள் நிற்கட்டும்.
அவளால் ஏலாது.
பதினாலுக்கும் பதினைந்துக்கும் இடையில்
முள் ஆடிக்கொண்டே இருக்கிறது,
தெருவில் லொறி வந்து ஹோர்ன் அடிக்கிறது,
தம்புள்ள லொறி என்கிறாள்,
நான் இன்னும் எழுதவில்லை.