முக்கால் அண்டா

நிறைகுடம் தளும்பாது என்று சொன்னவர்
பாபநாசத்திலிருந்து வலங்கைமானுக்கு
ஆற்றங்கரை வழியாக
சாம்பார் ஏற்றிப் போனவரில்லை.

நான் போகிறேன்.
முகூர்த்த நாளில் இரண்டு நடை.

தியாகேசன் கேட்டரிங் பிக்கப்.
பின்பட்டையில் இரண்டை உருவி
முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று அறுத்து
தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தார்.
அழகுக்கு இல்லை.
கொதிக்கும் அண்டாவை
இடுப்புக்கு மேல் தூக்க முடியாமல்
போன தையில்
வேம்புவின் முழங்கை வெந்துபோனது.
அவனால் எட்டாத உயரத்துக்கு
வண்டி குனிந்துகொடுத்தது.

தூக்குகிறவன் பிழைத்தான்.
ஓட்டுகிறவன் மாட்டிக்கொண்டேன்.

குடமுருட்டி என்று பேர் வைத்தவன் விவரமானவன்.
ஆறு எங்கே இடுப்பை ஒடிக்கிறதோ
அங்கே ரோடும் ஒடிக்கும்.
மதகு தாண்டி மூன்றாவது வளைவில்
வண்டி சாயும், சாயும்,
இன்னும் சாய இடமிருக்கிறது என்று நம்பும்போது
டொக்கென்று ரப்பரில் இடிக்கும்.
அதற்குப் பிறகு அது வண்டி இல்லை, பலகை.
பின்சக்கரம் அரைச்சாண் ஆற்றுப்பக்கம் நகரும்.
முருங்கைக்காய் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி
மறுபடி இந்தப் பக்கம் வரும்.

விளிம்பு வரை நிறைத்து மூடி கட்டினால் பாதகமில்லை.
பாதி அண்டா என்றால் அலை மேலே எட்டாது.
முக்கால்தான் எமன்.
சிக்கனமான கல்யாணம் எல்லாம்
முக்கால் அண்டாதான்.

அம்மாபேட்டை ஜக்கரியா பட்டறையில்
"உசத்திடலாமா?" என்றார்.
"முழங்கை" என்றேன்.
அப்புறம் அந்தப் பேச்சு இல்லை.

அண்டாவில் பச்சைத்தண்ணீர் ஊற்றி
பின்னால் அவரே உட்கார்ந்துகொண்டு
மூன்றாவது வளைவுக்கு ஓட்டச் சொன்னார்.
தொப்பலாக நனைந்து இறங்கினார்.
"கெட்டிப்படுத்தினா போதும்னு நெனச்சேன்.
இது தொளதொளன்னும் இருக்கு,
சீக்கிரம் தீர்ந்தும் போவுது."

ஒன்பது நாள்.
உருவிய பட்டைகளைத் திரும்பக் கோத்து
அச்சுக்கு மேலிருந்த கட்டை
அச்சுக்குக் கீழே மாற்றி மாட்டினார்.
பலம் திரும்பியது, உயரம் ஏறவில்லை.
அச்சு வந்து இடிக்கும் இடத்தில்
சேஸைப் பிறை மாதிரி வெட்டி
சுற்றிலும் தகடு வைத்து வெல்டு.
அறுத்த ஸ்பிரிங் எடைக்குப் போனது;
குட்டையாக, முறுக்காக வேறு ஜோடி.
மடங்கியே பாதி ஆயுளைக் கழித்த
நீள ஷாக் அப்சார்பர்களும் போயின.
கழித்த வேனின் ஸ்டெபிலைசர் ராடு ஒன்று
எங்கிருந்தோ கிடைத்தது.
கடைசியில் கொத்தனார் நூலைக் கட்டிக்
குனிந்து பார்த்தார்.
முன்சக்கரங்களில் ஒன்று ஆற்றைப் பார்த்தது,
மற்றது வயலை.
இரண்டையும் ரோட்டைப் பார்க்க வைத்தார்.

பில்லைப் பார்த்துத் தியாகேசன்
தண்ணீர் குடித்தார்.

ஆவணியில் முதல் முகூர்த்தம்.
முக்கால் அண்டா சாம்பார், முக்கால் அண்டா ரசம்.
மதகு.
ஒன்று, இரண்டு.
மூன்றாவதில் வண்டி சாய்ந்தது,
விரற்கடை அளவு,
அங்கேயே நின்று யோசிக்காமல் திரும்பியது.
எந்தச் சக்கரம் எவ்வளவு சுமக்கிறது என்று
ஸ்டீயரிங் முதல் தடவை
என் கைக்குச் சொன்னது.
கண்ணாடியில் வேம்பு
மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் மூடினான்.

சாம்பாரில் உப்பு தூக்கல் என்றார்
பெண்ணின் சித்தப்பா.

திரும்பும்போது காலி.
ஒட்டுப்போட்ட தாரில் எல்லாம் பின்பக்கம் குதிக்க
அண்டாக்கள் கூத்தாடின.
ஜக்கரியா முன்பே சொல்லியிருந்தார்,
"நெறைக்குத்தான் வெச்சிருக்கேன்.
காலிக்கு வேணும்னா வேற வண்டி வாங்கு."

மூன்றாவது வளைவில்
தேவையே இல்லை, பிரேக்கை மிதித்தேன்.
பாயச வாளியில் தலை வைத்திருந்த வேம்பு
கண் திறக்காமல் கேட்டான்,
"கொட்டிடுச்சாண்ணே?"