வேலந்தாவளம் வண்டி

புதன்கிழமை கடைசி இரண்டு பீரியட்
சேவைக்கு என்று ஒதுக்கியிருக்கிறார் சசிதரன் மாஷ்.
போன வருஷம் நட்ட கன்றுகளை ஆடு தின்றது.
அதற்கு முந்தைய வருஷம்
பேருந்து நிலையத்தைப் பெருக்கப் போனோம்.
அங்கே பெருக்குகிற அம்மா சண்டைக்கு வந்தார்:
"என் பொழப்புல எதுக்கு வெளையாடறீங்க?"
அவர் கேட்டது சரிதான்.
விளக்குமாறுகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு
வரிசையாகத் திரும்பி வந்தோம்.

இந்த வருஷத்து யோசனை துளசிமணியுடையது.
"போர்டெல்லாம் மலையாளத்துல இருக்கு டீச்சர்.
எங்க அத்தை பொள்ளாச்சியில இருந்து வந்தா
ஒவ்வொரு வண்டிக்கும் ஓடி ஓடிக் கேக்குது.
நமக்குத்தான் ரெண்டும் தெரியுமே."

நமக்குத்தான் ரெண்டும் தெரியுமே.
நாலாம் வகுப்பில் பதினேழு பேர்.
அன்றைக்குக் கொழிஞ்சாம்பாறையில்
அவர்களைவிடப் பணக்காரர் யாரும் இல்லை.

தூணுக்கு ஒருவராக நின்றார்கள்.
எங்கே போகணும் என்று முதலில் கேட்க வேண்டும்.
கேட்காமல் யார் பையையும் தொடக்கூடாது.
காசு கொடுத்தால் வாங்கக்கூடாது.
மிட்டாய் கொடுத்தால்?
அதில் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

மூன்றாவது புதன்
அஸ்கர் ஒருவரை வண்ணாமடை வண்டியில் ஏற்றிவிட்டான்.
அவர் போக வேண்டியது வேலந்தாவளம்,
அங்கிருந்து கோயம்புத்தூர்,
ஐந்து மணிக்குள் டாக்டர்.
ஸ்கேன் படம் வைத்த மஞ்சள் உறையை
மடங்காமல் நெஞ்சோடு பிடித்திருந்தார்.
ஒரு 'வ'வை அஸ்கர் வாசித்தான்,
மிச்சத்தை அவசரம் வாசித்தது.
வண்டி திரும்பியபோதுதான்
பின்பக்கப் பலகை முழுதாகத் தெரிந்தது.
ஓடினான்.
வண்டி அவனைவிட நன்றாக ஓடியது.

"கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது சொல்லியிருப்பார்" என்றேன்.
"சொல்லலைன்னா?"
"நடுவழியில இறங்கி வேற வண்டி பிடிச்சிருப்பார்."
"அந்த போர்டும் மலையாளத்துலதானே டீச்சர் இருக்கும்?"

மாஷ் டைம்கீப்பருக்குப் போன் செய்தார்.
ஒரு தகவலும் இல்லை.

வியாழன் காலை அஸ்கர் பள்ளிக்கு வரவில்லை.
தேடிப் போனால், அதே தூண்.
வெள்ளியும் அப்படியே.
வருகிற வண்டிகளில்
முகத்தைப் பார்க்கவில்லை அவன், கைகளைப் பார்த்தான்,
மஞ்சளாக ஏதாவது இருக்கிறதா என்று.
"பார்த்தா என்னடா சொல்லுவே?"
"தப்பா வாசிச்சுட்டேன்னு."
"அவ்வளவுதானா?"
கொஞ்சம் யோசித்தான்.
"டாக்டர் என்ன சொன்னாருன்னும் கேக்கணும்."

அவர் வரவில்லை.
இதை எழுதுகிற இன்று வரை வரவில்லை.

மாதக் கடைசியில் படிவம் நிரப்ப வேண்டும்.
பயனடைந்தோர் எண்ணிக்கை: நாற்பத்து மூன்று.
அடித்துவிட்டு நாற்பத்து இரண்டு என்று எழுதினேன்.
ஒருவரைக் கழித்துவிட்டேனே தவிர
அவரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.
அஸ்கரை இரண்டு வாரம் வகுப்பிலேயே உட்காரவைக்கலாம்,
பாவம், என்றுகூட நினைத்தேன்.
புதன்கிழமை மணி அடித்ததும்
செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் நின்றது அவன்.

கம்பிக்கூடையில் இரண்டு கோழிகளோடு ஒரு பெண்
வேலந்தாவளம் வண்டி இதுவா என்று கேட்டாள்.
பலகையைப் பார்த்தான்.
விரலால் காற்றில்
எழுத்தெழுத்தாகத் தொட்டு முடித்தான்.
பிறகு சொன்னான்:
"இருங்க. எனக்குச் சந்தேகமா இருக்கு. கேட்டுட்டு வரேன்."

பதினேழு பேரில் இதுவரை
ஒருவர்கூடச் சொல்லாத வாக்கியம்.
நானும் வகுப்பில் சொன்னதில்லை.

கண்டக்டரிடம் கேட்டான். டிரைவரிடம் கேட்டான்.
டீக்கடையில் நின்றிருந்த,
வண்டிக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடமும் கேட்டான்.
வந்து, "இதுதான், ஏறுங்க" என்றான்.
அவள் ஏறிய பிறகு ஜன்னல் பக்கமாகப் போய்
எக்கி நின்று இன்னொரு தடவை:
"வேலந்தாவளம்தானே? வண்ணாமடை இல்லையே?"

கோழிகளில் ஒன்று கத்தியது.
"ஏறி உக்காந்துட்டேன் சாமி, போ" என்றாள் அவள்.
அவன் போகவில்லை.