பதினாறாவது செவிக்கு அப்பால்

கிராம்பு எண்ணெய் கலந்த தொட்டியில்
கத்தாளை மெல்லச் சாய்ந்தது.
படகெங்கும் பல்வலி வாசனை.

இரண்டு விரற்கடை கீறல்,
சுண்டுவிரல் அளவுக் கருவி, மூன்று தையல்.
குழாய் பிடித்துச் செவுள்களுக்கு
ஆற்றை ஊட்டிக்கொண்டிருந்தான் லுவூயோ.

பிரீட ஆறு கடலில் விழும் வாய்வரை
பதினாறு செவிகளை நட்டிருக்கிறோம்
சங்கிலியில், செங்கல் கட்டி.

கத்தாளைக்குச் சொந்தக் குரல் உண்டு.
இணை தேடும் இரவுகளில் அடிவயிற்றால் உறுமும்.
நாங்கள் தைத்துவைத்த குரல் வேறு:
செங்கல் கட்டிய செவிகளுக்குக் கேட்கும்,
சுமக்கிறவளுக்குக் கேட்காது.

இரண்டு வருடம்
மல்காஸ் துறையடியிலேயே கிடந்தாள்.
குறிப்பேட்டு ஓரத்தில் ‘சோம்பேறி’ என்று எழுதினேன்.
ஓர் ஆகஸ்ட் இரவு, புதுவெள்ளத்தில்,
துறைக்குக் கீழே ஒவ்வொரு செவியும்
அவள் எண்ணைச் சொல்லிக் கைமாற்றியது.
விடிவதற்குள் பதினாறாவது.
அதற்கப்பால் கடல்.

பதினான்கு மாதம் கழித்துக்
கருவி வந்தது தீப்பெட்டியில், பஞ்சு சுற்றி.
ஸ்டில்பாயிலிருந்து எவர்ட் க்ரீஃப்:
“தின்றுவிட்டோம், மன்னிக்கவும்.
ஒன்பது கிலோ.
பரிசுத் தொப்பி வேண்டாம்.
மகள் மீக்கி கேட்கிறாள்,
அது எங்கெல்லாம் போயிற்று?”

அன்புள்ள மீக்கி,
துறை, துறை, துறை,
எழுநூறு நாள்.
அப்புறம் ஒரே இரவு.
அப்புறம் எனக்கும் தெரியாத பதினான்கு மாதம்,
கடைசியில் உங்கள் அடுப்பு.

எழுதி நிறுத்தினேன்.
மேசைமேல் கருவி
இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது;
மின்கலத்தில் மூன்று வருடம் பாக்கி.
குனிந்து காதை வைத்தேன்.

எனக்கும் கேட்கவில்லை.