எட்டாவது வயர்

மேசைக்குக் கீழே தவழ்ந்து போனேன்,
நாற்பத்தாறு வயதில்,
முழங்காலுக்குப் பழைய துவாயை மடித்து வைத்துக்கொண்டு.
அங்கே ஒரு சீவாத தலை கிடந்தது.

சுபோதினி சொல்லிப்போட்டாள்:
மாரி துவங்க முதல் இதெல்லாம் நிலத்தை விட்டு எழும்ப வேணும்,
இல்லாட்டி கத்தரிக்கோல்.
போன மார்கழியில் வெள்ளம்
மூன்றாம் படியில் நின்று யோசித்தது.
இம்முறை யோசிக்காமலும் வரலாம்.

மல்டி பிளக்கின் வாலில் இன்னொரு மல்டி பிளக்.
அதில், உருண்டைக் காலைச் சதுரத் துளைக்குள்
ஏமாற்றி நுழைக்கிற வெள்ளை அடப்டர்.
அதன் முதுகில் கறுப்புச் செங்கல் ஒன்று
பக்கத்துத் துளை இரண்டையும் படுத்து மறித்தபடி.
பல்லி முட்டை ஓடு. மகளின் கொலுசுத் திருகு.
அடப்டர் சூட்டில் குளிர்காய வந்து
குடும்பமாகிவிட்ட எறும்புகள்.

பிளாஸ்டரைத் துண்டு துண்டாக வெட்டி
ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன்:
மொனி. ரூட். ஸ்பீ. யூபிஎஸ்.
லப்டொப் புதிசு. லப்டொப் பழசு.
ஏழாவது பிரிண்டருடையது.
பிரிண்டர் செத்து இரண்டு வருஷம்,
வயருக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை.

எட்டாவதற்கு ஒரு பெயரும் வரவில்லை.
பன்னிரண்டு வோல்ட் என்று மட்டும் அதன் வயிற்றில் இருந்தது.
தொட்டால் சூடு.
சூடென்றால் எங்கேயோ யாரோ குடிக்கிறார்கள்.

இப்படியான நேரத்தில் என் முறை சுலபம்:
கழற்று. காத்திரு. எது அழுகிறது பார்.

கழற்றினேன்.
மின்விசிறி சுற்றியது. பிரிட்ஜ் முனகியது.
ரூட்டரின் பச்சைக் கண் இமைக்கவில்லை.
ஐந்து நிமிஷம். வீட்டில் எதுவும் அழவில்லை.
சரி, அனாதை என்று முடிவு செய்து
குறட்டை எடுக்கக் கையை நீட்டினேன்.

மதிலுக்கு அப்பாலிருந்து குரல்:
“என்ன கா, உங்கட பக்கம் கரண்ட் போயிட்டா?
குஞ்சுக் கூட்டு லைட் நூந்து கிடக்கு!”

ஹம்ஸியா.

அப்போதுதான் வயரின் பின்னால் போனேன்.
அலுமாரிக்குப் பின்னே கிறுகி, யன்னல் மூலையால் வெளியேறி,
முருங்கைக் கொப்பில் ஒரு சுற்றுச் சுற்றி
மதிலைத் தாண்டியது.

கரண்ட் வெட்டிய காலம் அது.
ஊரை எழுத்துகளாகப் பிரித்து
எழுத்துக்கு இத்தனை மணி இருட்டென்று அறிவித்தார்கள்.
மதிலுக்கு இந்தப் பக்கம் ஆரையம்பதி ஓர் எழுத்து,
அந்தப் பக்கம் காத்தான்குடி வேறோர் எழுத்து.
நாங்கள் இருண்டால் அவர்களுக்கு வெளிச்சம்,
அவர்கள் இருண்டால் எங்களுக்கு.
இதே மதிலுக்கு மேலால் வேறு காலத்தில் என்னென்ன பறந்தது என்று
எங்கள் இரண்டு வீட்டுக்கும் தெரியும்.
அதைப் பேசுவதில்லை. வயர் எறிந்தோம்.
பிறகு எழுத்துகள் போய்விட்டன.

“மன்னிச்சுக்கொள்ளுங்க, நான்தான் கழட்டினன்” என்றேன்.
“அப்ப நானும் ஒண்டைக் கழட்டிப் பாக்கட்டா?” என்றாள்.
எங்கள் கிணற்றடி லைட் நூந்தது.
மறுகா பத்தியது.
ஊரே இருண்ட இரவுகளிலும்
கிணற்றடியில் மட்டும் வெளிச்சம் நிற்பதை
எங்கள் வீட்டின் அதிர்ஷ்டம் என்று
இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

திரும்பவும் தவழ்ந்தேன்.
செருகியதும் மதிலுக்கு அப்பால் கீச்சென்றன குஞ்சுகள்,
அல்லது அப்படிக் கேட்டது.
மேசைக் காலோடு சேர்த்து எட்டையும்
வெள்ளைப் பட்டியால் இறுக்கிக் கட்டினேன்,
நிலத்திலிருந்து ஒரு சாண்.
பிளாஸ்டரில் முதலில் ஹம்ஸியா என்று எழுதினேன்.
சுபோதினி குனிந்து வாசித்தாள்.
“மேசைக்குக் கீழ ஆரு இது?”

உரித்துவிட்டுக் குஞ்சு என்று எழுதினேன்.
அதுவும் சரியாகப் படவில்லை.
எறும்புகள் அதற்குள்
புதிய உயரத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டன.