நீர் இப்ப எங்கை

"நீர் இப்ப எங்கை?" எண்டு யூடித்தா மிஸ் கேட்டா.
கதிரையிலை எண்டன்.
பொய்.
கதிரையிலை இருந்தது ஒரு வெள்ளைச் சட்டை,
இரட்டைப் பின்னல், கழுத்துப்பட்டி,
மடியிலை உயிரியல் கொப்பி.
நான் ஃபானுக்கும் மேலை,
ஒட்டடை பிடிச்ச மூலையிலை நிண்டு
அந்தப் பிள்ளை தலையாட்டுறதைப்
பார்த்துக்கொண்டிருந்தன்.

தெல்லிப்பழை ஆசுபத்திரி, மூண்டாவது கிழமை.
அம்மா வெளியிலை வாங்கிலை.
அவ கட்டுவிச்ச நூல் இன்னும் என்ரை மணிக்கட்டிலை.
ரியூசன் சேர் சொன்னது, பகல்கனவு.
கணக்கு ரீச்சர் சொன்னது, திமிர்.
இடாப்பு கூப்பிடேக்கை
"ஓம் ரீச்சர்" எண்டு சொல்லுறது ஆரோ.
நிவேந்தினி, வரவு.
நிவேந்தினி, வரவு.
முழு வருசமும் ஒரு நாள் லீவில்லை.

ஏன் எண்டு மிஸ் கேக்கேல்லை.
நடந்ததை இண்டைக்குச் சொல்லத் தேவையில்லை எண்டா.
(இங்கையும் சொல்லமாட்டன்.)
ஐஸ்கட்டி தந்தா.
அது ஆற்றையோ கையிலை உருகிச்சுது.
தேசிக்காய் வெட்டி மணந்து பாரும் எண்டா.
கண்ணுக்குத் தெரியிற அஞ்சு சாமான் சொல்லும் எண்டா.
சொன்னன்:
உங்கடை நடு உச்சியிலை நரை.
அலுமாரிக்கு மேலை செத்த பல்லி.
ரியூப் லைற்றின்ரை முதுகு.
உங்கடை கொப்பியிலை என்ரை பேர், தலைகீழா.
ஒரு பிள்ளை.

மிஸ் பேனையை வைச்சா.
"மேலை நிக்கிறவவுக்கு எத்தினை வயசு?"
ஒம்பது.
"இவ்வளவு நாளும் உம்மை
ஒண்டும் தொடாமல் பாத்தவ அவதானே.
அவவுக்கு ஏதும் வேணுமோ, கேட்டுப் பாரும்."

கேட்டன்.
கனநேரம்.
பிறகு என்ரை வாய் சொல்லிச்சுது:
ஃபானை நிப்பாட்டட்டாம்.
காது இரையுதாம்.

மிஸ் சிரிக்கேல்லை.
எழும்பிப் போய் நிப்பாட்டினா.
வைகாசி. சோளகம் இன்னும் எழும்பேல்லை.
செட்டை மூண்டும் மெல்ல மெல்லப் பிரிஞ்சு
தனித்தனியாத் தெரிஞ்சுது,
கீழையிருந்து.
ரெண்டு பேரும் சும்மா இருந்தம்.
மேலுதட்டிலை உப்புக் கரிச்சுது.
பிடரியிலை ஒரு துளி பிறந்து
முள்ளந்தண்டாலை, அவசரமில்லாமல்,
சட்டை நனைய நனைய இறங்கிச்சுது.
நீர், நீர் எண்டு அவ கூப்பிட்டது
இதைத்தானோ எண்டு நினைச்சன்.
"என்ரை வேர்வை" எண்டன்.
"ஓம்" எண்டா மிஸ், "எனக்கும் ஊத்துது."

சுகமாயிட்டுது எண்டு எழுத ஆசைதான்.
அண்டைக்குப் பின்னேரமே
சுன்னாகம் தாண்ட, பஸ்ஸிலை நான் இல்லை.
இணுவிலிலை இறங்கவேண்டியவள்,
தாவடியிலை, நகத்துக்குள்ளை
தேசிக்காய்த் தோல் மணக்க, திடுக்கிட்டு மணி அடிச்சன்.
"எங்கை பிள்ளை நினைப்பு?" எண்டு கொண்டக்டர் ஏசினான்.
முந்தியெண்டா
பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் போயிருப்பன்,
அவனுக்கு என்ன தெரியும்.
தார் றோட்டுச் சூடு செருப்பைத் தாண்டி ஏற
திரும்பி நடந்தன்.
கால் நொந்துது.